கல்லுக்கு வைத்த பெயர்

ஸ்வதாவா அம்மாளுக்கு வயதான காலத்தில் வாய் நீண்டுவிட்டது என்று லிப்னோவ் ஊரில் பேசிக்கொண்டார்கள். முன்பெல்லாம் கறிக்கடைக்கு வந்தால் கேட்டதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வணக்கத்தோடு போய்விடுகிறவள். இப்போது புருஷனோடு தெருவில் நடந்தால், எதிரில் வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொள்கிறாள்.

"அடடே, கறிக்கடை மிலோஸ்லாவா! உன் ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணமாமே! லுமீர், மிலோஸ்லாவா வந்திருக்கா பாரு!"

"ஆமாமா, மிலோஸ்லாவா. வாழ்த்துக்கள்" என்று டாக்டர் லுமீர் வ்ரானா தொப்பியை உயர்த்துவார்.

"பாவம் டாக்டர், அந்த அம்மா அவரைப் பேசவே விடறதில்லை" என்று மிலோஸ்லாவா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் வாய்க்கு என்ன தெரியும்? ஸ்வதாவா அப்படிக் கத்தவில்லையென்றால், எதிரில் நிற்பது யார் என்று டாக்டருக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் என்ன என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

டாக்டர் வ்ரானாவின் தலைக்குள் வானம் மட்டும் இன்னும் பத்திரமாகத்தான் இருந்தது. ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் உள்ள வானாய்வுக் கூடத்தில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து நூற்றுக்கணக்கான சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். இளம் வயதில் கண்டுபிடித்த கல் ஒன்றைச் சொன்னால், அது இப்போது எந்த நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் என்று யோசிக்காமல் சொல்வார். ஆனால் அன்று மதியம் சூப் குடித்தாரா இல்லையா என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். ஸ்வதாவாதான் பதில் சொல்வாள்.

அவள் மறைத்ததற்குக் காரணம் மகள். ராத்கா பர்னோ நகரத்தில் இருக்கிறாள், நல்லவள், ஆனால் மழை வருவதற்கு முன்பே குடையை விரித்துக்கொண்டு நிற்கிற ரகம். அப்பா தொலைபேசியில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அம்மா, மறைக்காதே. இங்கே பக்கத்துலயே ஒரு நல்ல இல்லம் இருக்கு. மறதிக்காரங்களுக்குன்னே நடத்தறாங்க. அப்பா பேரைச் சொல்லி வச்சிருக்கேன்."

"உன் அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி. வயசு எழுபத்தெட்டு, காது மந்தம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாளே தவிர, மகளுக்குத் தெரியாமல் ரயிலேறிப் போய் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டும் வந்தாள். சுத்தமான இடம். கழுத்தில் துண்டு கட்டிய ஆண்கள் வரிசையாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் பெரியவை, திறப்பதற்குத்தான் கைப்பிடி இல்லை. இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டார் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பும் வழியெல்லாம் ரயிலில் அழுதாள். என் உயிர் இருக்கிறவரை இவர் என் வீட்டில்தான் இருப்பார் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

இந்த நேரம் பார்த்து ஊருக்கு ஞானோதயம் வந்தது. டாக்டர் வ்ரானாவுக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுப்பதாக நகரசபை தீர்மானம் போட்டது. மேயர் பெர்காவே நேரில் வந்தார்.

"இத்தனை வருஷமா எங்களுக்குத் தோணாமப் போச்சே டாக்டர்! நம்ம தெருவுல குழியை மூட வக்கில்ல, ஆனா வானத்துல பாதி நம்ம ஊரு! நீங்க மேடையில நாலு வார்த்தை பேசணும். கடைசியா ஒரு கல்லுக்குப் பேர் வச்சிருக்கீங்களாமே, அதையும் அங்கேதான் சொல்லணும். அதுவரைக்கும் ரகசியம்."

காபித் தட்டைக் கொண்டுவந்த ஸ்வதாவா அதை மேசையில் வைத்தாள். கல்லுக்குப் பெயரா? அவளுக்குத் தெரியாமலா?

பெயர் வைப்பது கண்டுபிடித்தவரின் உரிமை. கல்லின் பாதை உறுதியாகி எண் கிடைத்த பிறகு, ஒரு பெயரையும், ஏன் வைத்தேன் என்று இரண்டு வரியையும் எழுதி அனுப்பினால், அதற்கென்று இருக்கும் குழு பார்த்து வெளியிடும். வெளியிட்டபின் யாராலும் மாற்ற முடியாது. இதுவரை அவர் வைத்த ஒவ்வொரு பெயரும் அந்த வீட்டுச் சமையலறையில், இரண்டு பேரும் சண்டை போட்டுத் தீர்மானித்ததுதான். இப்போது அவர் தானாகவே ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறார். என்ன பெயர்? வாய்க்கு வந்ததா? ஊர் சிரிக்கிற மாதிரி ஏதாவதா? மேயர் போன பிறகு அவரையே கேட்டாள்.

"ரகசியம்னா ரகசியம்தான்" என்று அவர் சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார். அது தெளிந்த சிரிப்புதானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் குன்றின் மேல் ஏறினாள். கூடத்தை இப்போது பார்த்துக்கொள்கிறவன் ஹினெக், டாக்டரிடம் படித்து வளர்ந்தவன், நாற்பது வயதிலும் மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அவன் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

"ஹினெக், அந்தப் பேரு என்ன?"

"ஐயோ, சத்தியம் வாங்கியிருக்கார் அம்மா."

"நான்தாம்பா மேடைக்குக் கீழே உட்காரணும். திடீர்னு கேட்டா எனக்கு நெஞ்சு அடைச்சுடும். இந்த வயசுல நீ எனக்கு அதைப் பண்ணலாமா?"

அவன் காது வரைக்கும் சிவந்தான். "நல்ல பேருதாம்மா. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசியில... கடைசியில உங்க பேரையே வச்சுட்டார்."

அவள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சந்தோஷம் தாங்கலையா?" என்றான் ஹினெக். "நான்கூடச் சொன்னேன், 'இத்தனை வருஷம் ஏன் சார் வைக்கல'ன்னு. 'அவ விடல'ன்னார். 'இப்போ மட்டும்?'னேன். 'இனிமே அவ தடுக்கமாட்டா'ன்னார். என்னம்மா, சமாதானம் ஆயிட்டீங்களா?"

ஸ்வதாவாவுக்குப் பழைய வாக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிப்பார்கள். இரவில் படம் எடுப்பது லுமீர். மறுநாள் பகலில், ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்த இரண்டு தகடுகளையும் ஒரு கருவியில் பொருத்தி, மாற்றி மாற்றிப் பார்ப்பது அவள் வேலை. நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எது இடம் மாறிக் குதிக்கிறதோ அதுதான் சிறுகோள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்த வேலை, ஆனால் அவர் பெயரில் பதிவாகும். முதல் கல்லுக்கு எண் வந்த அன்றைக்கே அவர் அவள் பெயரை வைக்கப் பார்த்தார். அவள் கரண்டியை ஓங்கிவிட்டாள். "தகட்டுல புள்ளியைக் கண்டது நானு. என் பேரை நானே வச்சுக்கிட்டேன்னு நாலு பேர் சிரிக்கணுமா? நான் செத்தப்புறம் வை. அதுவரைக்கும் பேசாதே." அவரும் வாக்குக் கொடுத்தார். ஊரில் உள்ள ஆசிரியருக்கும் தபால்காரருக்கும் மீன் வளர்க்கிறவருக்கும்கூட வானத்தில் பெயர் வந்தது. அவளுக்கு மட்டும் இல்லை. கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை லுமீர்.

அப்படியென்றால் அவர் மனசில் அவள் செத்துவிட்டாள்.

"காரணம்னு என்ன எழுதினார்?" என்று மட்டும் கேட்டாள்.

"'பாதிக் கற்கள் அவள் கண்ணில் பட்டவை.' அவ்வளவுதான்."

காலமான மனைவி என்று எழுதவில்லை. அது ஒன்றுதான் மிச்சம். ஆனால் மேடையில்? எதிரில் ராத்கா உட்கார்ந்திருப்பாள். ஊரே உட்கார்ந்திருக்கும். முதல் வரிசையில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, செத்துப்போன என் பெண்டாட்டி என்று மனிதர் ஆரம்பித்தால்? அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வாரமே அந்தக் கைப்பிடி இல்லாத ஜன்னலுக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருப்பார்.

உடம்பு சரியில்லை என்று விழாவை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். அப்போதும் ராத்கா மருத்துவரோடு வந்து நிற்பாள். எந்தப் பக்கம் போனாலும் நெருப்புதான்.

அன்று மாலை உருளைக்கிழங்கு சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"லுமீர், என்னைப் பாரு. நான் யாரு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன கேள்வி இது, ஸ்வதா? உப்பு போட மறந்துட்டே."

அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. உப்பை எடுத்து அவர் தட்டில் தாராளமாகவே போட்டாள். எல்லாம் வீண் பயம், கிழவனுக்குத் திடீர் ஆசை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு படுத்தாள். ஆனால் விழா அன்று காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று, "கழுத்துப்பட்டையை யார் எடுத்து வச்சீங்களோ, ரொம்ப நன்றி" என்றார். யாருக்கு நன்றி சொன்னார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நகரசபை மாடிக் கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ளினார்கள். ஓரத்து மேசையில் பன்றித்தொடை இறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த ரொட்டித் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஊரில் பாதிப் பேருக்கு அதன்மேல்தான் கண். ராத்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் இருந்த அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா உன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"கூட்டம்டி. எனக்குக் கூட்டம் ஆகாது."

மேயர் பேசினார். மேயர்கள் பேசுகிற மாதிரியே பேசினார், அதாவது தன்னைப் பற்றி. பட்டயத்தையும், பூ வேலை செய்த பெரிய கண்ணாடி ஜாடியையும் கொடுத்தார். பிறகு லுமீர் எழுந்தார்.

அவர் பேசியது எவ்வளவு நன்றாக இருந்தது! காகிதம் கையில் இல்லை, தடுமாற்றம் இல்லை. "நான் கண்டுபிடிச்சது எல்லாம் பெரிய விஷயமில்லைங்க. கல்லு. யாரும் பார்க்காட்டியும் அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நான் பார்த்தேன்கறது அதுக்குத் தெரியவே தெரியாது" என்றார். கூட்டம் சிரித்தது. மேகம் மூடிய வருஷங்களைச் சொன்னார், குன்றுப் பாதையில் பனியில் சறுக்கி விழுந்ததைச் சொன்னார். ராத்காவின் தோள் தளர்ந்ததை ஸ்வதாவா உணர்ந்தாள். இதோ முடியப்போகிறது, கடவுளே, இதோடு உட்கார்ந்துவிடட்டும்.

"கடைசியா வச்ச பேரு" என்றார் லுமீர். "ஸ்வதாவா."

கூடமே எழுந்து கைதட்டியது. கறிக்கடை மிலோஸ்லாவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராத்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லா முகமும் முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பியது. லுமீர் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார்.

"நன்றி. அவ இருந்திருந்தா இதுக்கு விட்டிருக்கமாட்டா. நான் செத்தப்புறம் வைன்னு சொல்லுவா. இப்போ வச்சுட்டேன்."

கைதட்டல் அறுந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மேடை ஓரத்தில் நின்ற ஹினெக்கின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ராத்காவின் விரல்கள் அம்மாவின் கையில் அழுந்தின.

ஸ்வதாவா சிரித்தாள். தொண்டையிலிருந்து எப்படி அந்தச் சிரிப்பு வந்தது என்று அவளுக்கே தெரியாது. எழுந்து நின்று, கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்! நாப்பது வருஷமா 'செத்தப்புறம் வை, செத்தப்புறம் வை'ன்னு நான் நச்சரிச்சேன் பாருங்க, அதுக்குப் பழிவாங்கிட்டார்! பேர் வைக்கறதுக்காக ஊர் முன்னாலயே என்னைக் கொன்னுட்டார்! இனிமே நான் சமைக்கலேன்னா யாரும் கேட்கக் கூடாது, நான் போய்ச் சேர்ந்தாச்சு!"

ஒரு நொடி கழித்துக் கூடம் வெடித்தது. மேயர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "டாக்டருக்கு இவ்வளவு குறும்பா!" என்றார் யாரோ. வாத்தியக்காரர்கள் கேட்காமலேயே ஊத ஆரம்பித்தார்கள். மேடையில் லுமீர், எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், மரியாதைக்காக அவரும் சிரித்தார்.

"ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சும்மா" என்றாள் ராத்கா. கண்ணோரம் நனைந்திருந்தது. "அப்பாவா இப்படிப் பேசறார்! நான்தான் வீணா அலட்டிக்கிட்டேன். நாளைக்கே அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்." வீட்டில் தன் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள் என்று, அப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுக் காரில் கிளம்பிப் போனாள்.

ஜெயித்தாகிவிட்டது. ஸ்வதாவா கொஞ்சம் ஓரமாக, ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அங்கேதான் லுமீர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார், கையில் இரண்டு சின்னக் கோப்பையில் பிளம் சாராயம்.

"இந்தாங்க. நீங்க எழுந்து சிரிச்சது நல்லா இருந்துச்சு. எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நீங்கதான் காப்பாத்தினீங்க."

நீங்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படி அழைத்ததில்லை.

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் ஆட்கள். முகத்தில் சிரிப்பை இறக்காமல் மெதுவாகக் கேட்டாள். "உங்க மனைவி எப்போ போனாங்க?"

"போன குளிர்காலம். வயித்துல ஆபரேஷன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

போன குளிர்காலத்தில் அவள் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, கம்பை ஊன்றிக்கொண்டு, அவளேதான் வாசற்படி ஏறி வந்தாள். கதவைத் திறந்தவர் இவர்தான். அப்போது வீட்டுக்குள் வந்தது யார் என்று இவர் நினைத்தார்? இத்தனை மாதம் யார் கையால் சூப் குடித்தார்?

"உங்க பேரு?" என்று கேட்டார் அவர், தலையைச் சாய்த்து, மரியாதையாக.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஸ்வதாவா."

"அட! அவ பேரும் அதேதான்."

"ஊர்ல நிறையப் பேருக்கு இருக்கும்."

"கீழே இருக்கலாம்" என்றார் லுமீர். "மேலே ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பேரை ரெண்டு தடவை வைக்க விடமாட்டாங்க."

அவள் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தாள். நெஞ்சு எரிந்தது. இரண்டு வருஷமாக ஊருக்கும் மகளுக்கும் பயந்து செத்தாளே, பயப்பட வேண்டிய இடம் இதுவாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.

கூட்டம் கரைந்தது. ஜாடியையும் பட்டயத்தையும் பிறகு அனுப்புவதாக மேயர் சொன்னார். லுமீர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, சேர்ந்தே போகலாம்" என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "தப்பா நினைக்காதீங்க. அவ போய் இன்னும் வருஷம் திரும்பல. வேற ஒரு அம்மாவோட கைகோத்துக்கிட்டுத் தெருவுல போனா ஊரு என்ன பேசும்?"

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வழி அவர் காலுக்குத் தெரியும், அது மட்டும் இன்னும் மறக்கவில்லை. அவள் எதிர்ப்பக்க நடைபாதையில், கொஞ்சம் பின்னாலேயே வந்தாள். மதுக்கடை வாசலில் நின்றவன் கத்தினான்: "என்னம்மா, பேர் வச்ச அன்னிக்கே சண்டையா?"

"ஆமாப்பா, சண்டைதான்!" என்றாள் உரக்கச் சிரித்துக்கொண்டே. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. நடையை எட்டிப் போட்டார்.

வீட்டு வாசலில் அவர் சாவியை எடுத்தபோது அவள் படிக்குக் கீழே வந்திருந்தாள். அவர் சாவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"யாருங்க நீங்க? என் பின்னாலேயே ஏன் வர்றீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கண்ணில் இருந்த பயத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. என் வீடு இதுதான் என்று சொன்னால் கத்திவிடுவார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. ஒருவர் ஜன்னலைத் திறந்தால் போதும், இன்று ஜெயித்ததெல்லாம் போய்விடும். ஸ்வதாவா இருந்த இடத்திலேயே நின்றாள்.

"உங்க மனைவி சொல்லியிருந்தாங்க. தான் இல்லாமப் போயிட்டா, நீங்க சாப்பிட்டீங்களான்னு யாராவது போய்ப் பார்க்கணும்னு. அதான் வந்தேன்."

சாவியின் மேலிருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"அவ அப்படித்தான்" என்றார். கதவைத் திறந்தார். "வாங்க. செருப்பை இங்கேயே விட்டுடுங்க, அவ தரையை அழுக்காக்க விடமாட்டா."

அவள் காலணியைக் கழற்றினாள். பழக்கத்தில் கால், சுவரோரம் இருந்த, வீட்டுக்குள் போடுகிற சிவப்புக் கம்பளிச் செருப்பைத் தேடிப் போனது.

"அது வேண்டாங்க" என்று அவர் சட்டென்று குனிந்து அதை எடுத்துக்கொண்டார். "இது அவளோடது."

அலமாரிக்குக் கீழே விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த செருப்பில் ஒரு ஜோடியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு, அவர் வழிகாட்ட, சமையலறைக்குள் போனாள்.